ரோஸ்வுட் ஸ்பீக்கரில் விழுந்த கீறல்

ஸ்பீக்கர் துடைப்பதற்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலையைப் பாருங்கள் என்று விரட்டியிருப்பேன். தில்லைநகரில் ஆடியோ கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. தூசி தெரிந்தால் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து ஒரு இழு இழுத்துவிட்டுப் போகிறவன் நான். இன்றைக்கு என் கடையில் ஒரு சட்டம் இருக்கிறது. பளபளப்பான மரப்பெட்டி எதையும் பஸீலாவைத் தவிர யாரும் தொடக் கூடாது. முதலாளி என்ற முறையில் அந்தச் சட்டத்தைப் போட்டதும் நான்தான், அதற்கு அடங்கி நடப்பதும் நான்தான்.

பஸீலா பீமநகரிலிருந்து வருகிறார். கடையைப் பெருக்கித் துடைக்கத்தான் நான்கு வருடத்துக்கு முன்பு சேர்ந்தார். அதற்கு முன்பு பதினோரு வருடம் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் பட்டறையில் வேலை செய்தவர். முதல் நாளே அவர் கையில் ஒரு பனியன் துணியைக் கொடுத்து, ஷோரூமில் நின்ற கறுப்பு ஸ்பீக்கர்களைத் துடைக்கச் சொன்னேன். அவர் துணியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"இதுல மண்ணு இருக்குங்க சார்."

"மண்ணு இருக்குன்னுதானே துடைக்கச் சொல்றேன்!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். கடையில் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது.

"மண்ணை எடுத்துட்டுத் துடைக்கலாம் சார். மண்ணோட சேர்த்துத் தேய்ச்சா துடைக்கிற மாதிரி இருக்காது, பட்டை தீட்டுற மாதிரி ஆயிடும்."

சொல்லிவிட்டுத் தன் செல்போன் டார்ச்சைப் பெட்டியின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். சிலந்தி வலை பின்னியதுபோலப் பெட்டி முழுக்க மெல்லிய கோடுகள். எல்லாம் என் கர்ச்சீப்பின் கைங்கரியம். அதுவரை வாடிக்கையாளர்கள் கேட்டால் அது பாலிஷின் ஜொலிப்பு என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைச்சாமி ஐயாவுக்கு நாங்கள் கொடுத்த ஜோடி, என் கடையில் விற்றவற்றிலேயே அழகானது. ரோஸ்வுட் மரத்தகடு, அதன் மேல் கண்ணாடியாக மின்னும் வார்னிஷ். என் மார்பு உயரம் நிற்கும். மண்ணச்சநல்லூரில் அவருக்கு அரிசி மில், வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில். அறுபத்தைந்து வயதுக்கு ஆறடி உயரமாக, முதுகு வளையாமல் நடப்பார். மில் இரைச்சலிலேயே வாழ்ந்த மனிதருக்கு நாதஸ்வரத்தின் மேல் அப்படி ஒரு பைத்தியம். பெட்டிகளை இறக்கிய அன்று பஸீலாதான் கடைசித் துடைப்புத் துடைத்தார். ஐயா அந்த மரத்தில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னைவிட இதுல நான் நல்லா இருக்கேன்" என்று சிரித்தார்.

நான்கு மாதம் கழித்து அவருடைய மனைவி சுபலட்சுமி அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் கோடு கோடாக விழுந்திருக்கிறதாம். பஸீலா அன்றைக்கு லீவு, மகளுடைய ஸ்கூலில் ஏதோ மீட்டிங். நான் மட்டும் போனேன். ஐயா மில்லுக்குப் போயிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததுமே தெரிந்தது, நல்ல கீறல்கள்தான். என் மனதுக்குள் முதலில் ஓடியது என்ன தெரியுமா? வாரண்டி கேட்பார்களோ என்பதுதான்.

"யாரும்மா இதைத் துடைக்கிறது?" என்று கேட்டேன்.

"மயிலம்மாதான். வீடு பூரா அவதானே துடைக்கிறா."

மயிலம்மாள் வாசல்பக்கம் நின்றுகொண்டிருந்தார். பதினான்கு வருடமாக அந்த வீட்டில் வேலை பார்க்கிறவர். குள்ளமான உருவம், அழுத்தி வாரிய தலை. "நான் அதைத் தொடுறதே இல்லீங்க. கீழே தரையை மட்டும்தான் துடைப்பேன்" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இது பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் போட்டுத் தேய்ச்ச கோடும்மா. எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமா பார்க்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். பையிலிருந்து ஒரு புதுத் துடைப்புத் துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சொல்வதற்குப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அந்தப் பத்து விநாடியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து மறுபடியும் போன். இப்போது கோடுகள் இன்னும் அதிகமாம். "கூடத்துக்குள்ளயே வரக் கூடாதுன்னு சொல்லியாச்சு ரெங்கராஜ். அப்படியும் விழுது. நான் அந்தப் பக்கம் போற நேரமாப் பார்த்து வேணும்னே பண்றா. ஒண்ணாந்தேதியோட நிறுத்திடலாம்னு இருக்கோம். நீங்க வந்து ஒரு தடவை நல்லாப் பளபளன்னு பண்ணிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் சுபலட்சுமி அம்மா.

பஸீலாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தன் பையனுக்கு எடமலைப்பட்டி புதூரில் கட்டுகிற வீட்டுக்கும் என் கடையில்தான் எல்லாம் எடுப்பதாக ஐயா சொல்லியிருந்தார். பெட்டியைத் துடைத்து, இரண்டு நல்ல வார்த்தை பேசி, விஷயத்தை முடித்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது பஸீலாவிடம் நடந்ததைச் சொன்னேன். கம்பி நார் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் போனபோது பன்னிரண்டு மணி. கொல்லைப்புறத்தில் மயிலம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு டின் நிறைய உமிக்கரி. மில் அடுப்பில் எரிகிற உமியின் கரி அது. அந்த வீட்டில் பாத்திரத்துக்கெல்லாம் அதுதான். அடிப்பிடித்த பால் பாத்திரம் அதில் இரண்டு தேய்ப்பில் வெளுத்துக்கொண்டிருந்தது. பஸீலா குழாயில் கை கழுவப் போனவர், கழுவிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து அவரிடம் ஏதோ கேட்டார்.

"மூணு வீடும்மா இந்தத் தெருவுல. இங்க, எதிர் வீடு, அதுக்கு அடுத்தது" என்று மயிலம்மாள் சொல்வது எனக்குக் கேட்டது. "இந்தம்மா அங்கயும் சொல்லிட்டாங்க. எதிர் வீட்டுல இப்ப நான் கிளம்புறப்போ பையைத் திறந்து காட்டிட்டுப் போன்னு சொல்றாங்க. பதினாலு வருஷத்துல ஒரு ஸ்பூன் காணாமப் போனதில்லை. எனக்கு வேலை போனாக்கூடப் பரவாயில்லம்மா. பையைத் திறக்கிறப்போ கை நடுங்குது."

ஒரு கீறலைப் பற்றி நான் சொன்ன வார்த்தை, தெருவைத் தாண்டி, ஒரு பெண்ணின் பைக்குள் கை விடுகிற அளவுக்குப் போயிருந்தது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. கூடத்துக்குள் போய் நின்றுகொண்டேன்.

பஸீலா வந்தார். இனி அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். நான்கு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

முதலில் ஃபேனை நிறுத்தினார். ஆம்ப்ளிஃபயரை அணைத்து பிளக்கைப் பிடுங்கினார். தன் கையிலிருந்த வளையலையும் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்தார். துப்பட்டாவின் ஓரத்தில் ஜரிகை இருந்ததால் அதைப் பின்னால் இழுத்து ஊக்கு குத்திக்கொண்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபடி இரண்டு பெட்டிகளையும் சுற்றிச் சுற்றி வந்தார். தொடவே இல்லை. பத்து நிமிடம் வெறுமனே பார்த்தார். டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

அப்புறம் பையிலிருந்து ரப்பர் குமிழை எடுத்தார். கேமரா லென்ஸில் தூசி ஊதுவதற்கு வைத்திருப்பார்களே, அதுதான். மேல்பலகையிலிருந்து தொடங்கி, அழுத்தி அழுத்திக் காற்றை மட்டும் விட்டு ஊதினார். ஊதியும் போகாத தூசியை, முகத்துக்குப் பவுடர் போடுகிற பிரஷ்போல மெத்தென்று இருந்த ஒரு பிரஷால் தட்டாமல், தேய்க்காமல், தூக்கி எடுத்தார். அந்தத் தூசியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் சேர்த்து மடித்து வைத்ததுதான் எனக்குப் புதிது.

துணிகளுக்கு வந்தார். அவர் துணிகளை எனக்குத் தெரியும். வாங்கியதும் ஓரத்திலிருக்கும் லேபிளை வெட்டி எறிந்துவிடுவார், அந்த லேபிளே கீறும் என்பார். தனியாகத் துவைத்து, தனி டப்பாவில் வைத்திருப்பார். தரையில் விழுந்த துணி அவரைப் பொறுத்தவரை செத்த துணி. எடுத்து உதறிவிட்டு மறுபடி பயன்படுத்த ஒரு நாள் நான் முயன்றபோது, அவர் பார்வையைத் தாங்க முடியவில்லை. நான் பத்து நாள் முன்பு அம்மாவிடம் கொடுத்த துணி ஷெல்ஃபில் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. லேபிளும் அப்படியே இருந்தது. பஸீலா அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரைத் துணியில் தெளித்தார். பெட்டியின் மேல் தெளிக்க மாட்டார், சந்தில் இறங்கிவிடும். துணியை நாலாக மடித்து, மேலிருந்து கீழே நேர்கோடாக ஒரே இழுப்பு. வட்டமாகச் சுற்றவே மாட்டார். ஓர் இழுப்புக்கு ஒரு பக்கம். அடுத்த இழுப்புக்குத் துணியைத் திருப்பிப் புதுப் பக்கம். எட்டுப் பக்கமும் முடிந்தால் அந்தத் துணி டப்பாவுக்குப் போய்விடும், அடுத்தது வரும். பின்னாலேயே காய்ந்த துணி. அழுத்தம் என்பதே கிடையாது. துணியின் எடை எவ்வளவோ அவ்வளவுதான் அவர் கை. உள்ளே ஒலி வருகிற கூம்பின் பக்கம் விரலைக்கூடக் கொண்டுபோகவில்லை.

அவர் கை போன இடமெல்லாம் மரம் கண் திறந்தது. சிவப்புக்குள் கறுப்பு ரேகை, அதற்குள் இன்னொரு சிவப்பு. அப்படியே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியோடு இந்த அம்மாள் செய்வதை, ஆயிரம் பேருக்கு முன்னால் மேடை போட்டுச் செய்யச் சொன்னால் தகும் என்று தோன்றியது.

கீறல்கள் மட்டும் அப்படியே இருந்தன. அழுக்கு போனதும் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

"சார், இங்க வாங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "கீழ்ப்பாதியில ஒரு கோடு இல்ல பாருங்க. நாம டெலிவரி குடுத்தப்போ இருந்த மாதிரியே இருக்கு. தரை துடைக்கிறவங்க இதைத் துடைச்சாங்கன்னா கீழேருந்துதானே ஆரம்பிப்பாங்க? கோடெல்லாம் மேலே. வலது ஓரத்துல ஆரம்பிச்சு ஒரே வளைவா அந்தப் பக்கம் வரைக்கும் போவுது. இது நின்னுக்கிட்டு வீசின கை. நீளமான கை."

"கம்பி நார்?" என்றேன், குரல் எனக்கே கேட்காத மாதிரி.

"கம்பி நார்னா இதைவிட ஆழமா, கொத்துக் கொத்தா விழும் சார். இது தூள்." மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தார். "ரோட்டுத் தூசி இப்படி இருக்காது. இது மஞ்சளா, செதில் செதிலா இருக்கு." ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார். பட்டறையில் பொடியை அப்படித்தான் பார்ப்பார்களாம். "நறநறங்குது" என்றார்.

என் பையில் மாதிரிப் பலகைகள் எப்போதும் இருக்கும், எந்த மரம் எந்த நிறம் என்று காட்டுவதற்கு. அதே ரோஸ்வுட், அதே வார்னிஷ், உள்ளங்கை அகலம். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். பாதியில் சுத்தமான துணியால் தேய்த்தார். ஒன்றுமில்லை. மறுபாதியில் அந்தத் தூளைத் தொட்டு அதே துணியால் தேய்த்தார். டார்ச் வெளிச்சத்தில் கோடுகள் எழுந்து நின்றன.

அப்போதுதான் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஐயா மதியச் சாப்பாட்டுக்கு மில்லிலிருந்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துக்குள் வந்தார். "அடடே, ரெங்கராஜு! பஸீலாவும் வந்திருக்கா? ஆகா, என்னமா மின்னுது!" என்று சொல்லிக்கொண்டே பெட்டியிடம் போனார். தோளிலிருந்த துண்டை எடுத்தார். வலது ஓரத்திலிருந்து மேல்பலகையின் குறுக்காக, தன் நீளமான கையை வளைத்து, அன்பாக ஒரு வீசு வீசினார்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து மில்லில் நின்றவரின் துண்டு அது. நெல் உமி அதன் இழை இழையாக ஏறியிருக்கிறது. தினமும் மத்தியானம் அந்தத் துண்டால்தான் மனிதர் தன் உயிரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் முன்பு வந்ததெல்லாம் காலையில், அவர் மில்லில் இருக்கும்போது. சுபலட்சுமி அம்மாவோ அந்த நேரத்தில் சமையலறையில் இலை போட்டுக்கொண்டிருப்பார்.

புரிந்ததும் நான் என்ன செய்தேன்? பஸீலாவுக்குக் கண்ணைக் காட்டினேன். சொல்ல வேண்டாம், பேசாமல் இருங்கள் என்று. பெரிய மனிதர், அவர் வீட்டுக் கூடம், அவர் முகத்துக்கு நேராகச் சொன்னால் வாடிக்கை போய்விடும். பிறகு பக்குவமாக வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் கணக்குப் போடுகிற புத்திதான் என்னுடையது.

பஸீலா என் கண்ணைப் பார்த்தார். கொல்லைப்புற நிலைப்படியில் ஈரக் கையோடு நின்ற மயிலம்மாளையும் பார்த்தார். கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பதால் அவர் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"ஐயா, ஒரு நிமிஷம். அதே துண்டால இந்தப் பலகையை ஒரு தடவை துடைச்சுத் தரீங்களா?" என்று பஸீலா இன்னொரு மாதிரிப் பலகையை நீட்டினார்.

"எதுக்கும்மா?"

"சும்மா, ஒரு சோதனைங்க."

அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பலகையை வாங்கி, பெட்டியைத் துடைத்த அதே கைவாகில் மூன்று தடவை துடைத்துக் கொடுத்தார். பஸீலா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பலகையை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினார். காகிதத்திலிருந்த தூளையும் பக்கத்தில் வைத்தார்.

ஐயா பலகையைப் பார்த்தார். தூளை விரலில் எடுத்து உருட்டினார். அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உமி" என்றார்.

பிறகு அவரே சொன்னார்: "மில்லுல ரப்பர் ரோலரையே தின்னுடும்மா இது. மாசா மாசம் மாத்துறேன். பாத்திரத்துக் கறையையெல்லாம் இதோட கரிதான் எடுக்குதுன்னு நானே பெருமையாச் சொல்லுவேன். இந்தத் துண்டை…" துண்டை உதறப் போனவர், பெட்டி பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்து, உதறாமல் அப்படியே சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் இதைத் துடைக்கிறதாவே நினைக்கலையே. மாட்டைத் தடவிக் குடுக்கிற மாதிரி ஒரு தட்டுத் தட்டிட்டுப் போவேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. நிமிர்ந்து நடக்கிற அந்த ஆள் அப்போது ஓர் அங்குலம் குறைந்த மாதிரி இருந்தார். சமையலறை வாசலில் சுபலட்சுமி அம்மா கையில் கரண்டியோடு நின்றிருந்தார்.

ஐயா நிலைப்படிப் பக்கம் திரும்பினார். "மயிலம்மா, நான் இதைத் துடைக்கிறதை நீ பார்த்திருக்கியா?"

"தினமும் பார்ப்பேன் ஐயா."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் தொடலைன்னு என்னால சொல்ல முடியும். சொன்னேன். யார் தொடுறாங்கன்னு நான் எப்படிங்க சொல்றது? உங்க பொருள், நீங்க தொடுறீங்க." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதுவுமில்லாம, நீங்க அதைத் துடைக்கிறப்போ பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி அவ்வளவு பதமா இருக்கும் ஐயா. அதுல கோடு விழும்னு எனக்கே தோணல."

எனக்கு முன்பாக ஐயா பேசியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். "கம்பி நார்னு சொன்னது நான். பார்க்காமலே சொன்னேன். உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. தப்பு என்னோடதுங்க."

மயிலம்மாள் என்னை முதன்முறையாக நேராகப் பார்த்தார். "நீங்க சொல்லிட்டுக் காபி குடிச்சிட்டுப் போயிட்டீங்க சார். நான் இங்கயே இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் என்ன செய்யணும் மயிலம்மா?" என்று ஐயா கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். எதிர் வீட்டுலயும் அடுத்த வீட்டுலயும் போய்ச் சொன்னீங்கல்ல, அதே மாதிரி இதையும் போய்ச் சொல்லிடுங்க."

சுபலட்சுமி அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "நான் போறேன். சொன்னது நான்தானே" என்றார். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். "நீ மட்டும் இல்லை. நானும் வரேன்." செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர் வீட்டு அம்மாள் கேட்டைத் திறந்ததும், ஐயா தன் துண்டை விரித்துக் காட்டினார். "ஸ்பீக்கர்ல கோடு போட்டது நான். இந்தத் துண்டு. மயிலம்மா அதுக்குப் பக்கத்துலகூடப் போகலை." அவர் குரல் தெருவுக்கே கேட்டது. மில்லில் கத்திப் பேசிப் பழகிய குரல். அன்றைக்கு அந்தக் குரல் நல்லதுக்குப் பயன்பட்டது. "தெரிஞ்ச மாதிரி பேசி இதை ஆரம்பிச்சு வச்சது நான்" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். சுபலட்சுமி அம்மா, "நான் சொன்னது தப்பு" என்று மட்டும் சொன்னார். அடுத்த வீட்டிலும் அப்படியே.

திரும்பி வந்ததும் ஐயா, "பஸீலா, இந்தக் கோட்டை எடுத்துடலாமாம்மா?" என்று கேட்டார்.

"துடைச்சு எடுக்க முடியாதுங்க. மேல் வார்னிஷைத் தேய்ச்சு மெலிசாக்கினாத்தான் போகும். கல்லுன்னா தைரியமாத் தேய்ப்பேன், அது எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியும். இது எவ்வளவு கனம்னு தெரியாம கை வைக்க மாட்டேன். கம்பெனி ஆளைக் கூப்பிட்டுக் கேட்கலாம்."

ஐயா யோசித்தார். "இருக்கட்டும் விடு. நாளைக்கு நான் மறந்துட்டேன்னா ஞாபகப்படுத்தும்." பிறகு பஸீலாவின் கையிலிருந்த புதுத் துணி ஒன்றை வாங்கி மயிலம்மாளிடம் நீட்டினார். "இனிமே நீ துடைச்சிடு மயிலம்மா. உன் கை போதும்."

மயிலம்மாள் வாங்கவில்லை. "அய்யய்யோ, எனக்கு வேண்டாம் சாமி. உங்களுக்கு ஆசையா இருக்கு, நீங்களே துடைங்க. குளிச்சிட்டு வந்து துடைங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சுபலட்சுமி அம்மாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மண்ணச்சநல்லூரில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், மறுபேச்சு பேசாமல் குளிக்கப் போனார்.

அவர் வரும்வரை கூடத்தில் நானும் பஸீலாவும் மட்டும். "நான் கண்ணைக் காட்டினேன், பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் சார்."

"அப்புறம் ஏன்?"

அவர் வளையல்களை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையிலிருந்து எடுத்தார். "பட்டறையில ஒரு தடவை என் தட்டுல தீட்டின கல்லெல்லாம் கோடு விழுந்துச்சு சார். பக்கத்து ரூம்ல முரட்டுப் பொடியைத் திறந்து வச்சிருந்தாங்க, அது பறந்து வந்து விழுந்திருக்கு. யாரும் அதைப் பார்க்கலை. நான் கல்லை மாத்திட்டேன்னு சொல்லி மூணு மாசம் சாயங்காலம் என் பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்பினாங்க." அவ்வளவுதான் சொன்னார். நான்கு வருடத்தில் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஐயா தலை ஈரத்தோடு, தோளில் ஒன்றும் இல்லாமல் வந்தார். பஸீலா அவர் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார், கழற்றினார். ஊதச் சொன்னார், ரப்பர் குமிழை அமுக்கி ஊதினார். "அழுத்தாதீங்க ஐயா, துணியோட கனம் போதும்" என்று பஸீலா சொல்ல, அந்தப் பெரிய கை மேலிருந்து கீழாக நேராக இறங்கியது. மயிலம்மாள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, சுவரோரமாக உட்கார்ந்து, அவர் செய்வதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார். துணியைத் திருப்ப ஐயா மறந்தபோது, "ஐயா, பக்கம் மாத்துங்க" என்று சொன்னதும் மயிலம்மாள்தான்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஐயா எங்களை உட்கார வைத்துவிட்டார்; நாங்கள் கிளம்பும் நேரத்தில்தான், அதற்குள் எதிர் வீட்டுக்குப் போயிருந்த மயிலம்மாளும் அங்கே வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தார். தோளில் அந்தத் துணிப்பை. வீட்டுக்கார அம்மாள் கேட்டருகே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே, "போயிட்டு வா மயிலம்மா" என்றார்.

மயிலம்மாள் இரண்டடி நடந்து நின்றார். திரும்பினார். "பையைப் பார்த்துடுங்கம்மா" என்றார், தெருவே கேட்க.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம், நீ போ."

"இல்லம்மா, பாருங்க." பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார். உள்ளே ஒரு காலி டிபன் பாக்ஸும் குடையும் இருந்தன. அந்தக் கைகள் நடுங்கவில்லை. எதிர் வீட்டு அம்மாள் பார்க்கும் வரைக்கும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்த பிறகு, பையை மூடி, தோளில் மாட்டி, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

பஸீலா வண்டியில் ஏறவில்லை. மயிலம்மாள் தெருமுனையில் திரும்பும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியை ஸ்டார்ட் பண்ணியிருந்தவன் நான், அணைத்துவிட்டு இறங்கி, நானும் நின்றேன்.